நாலாவது கார்டு

ஆடலூர்ல அந்த வீட்டு முன்னால ஜீப்ப நிறுத்துறப்ப மணி பதினொண்ணு. வாசல்ல சாக்கு விரிச்சு காப்பிப்பழம் காயப்போட்டிருந்தாங்க. அம்பது வயசு தாண்டின ஒரு அம்மா குனிஞ்சு கையால கிளறி விட்டுக்கிட்டு இருந்தாங்க. கந்தம்மாள். போன வருசம் ஒரே ஒரு தடவ பாத்திருக்கேன், ஆஸ்பத்திரி வாசல்ல, அவங்க மகன் ஞானவேலோட உடம்ப வாங்க வந்தப்ப. அன்னைக்கு நான் கூட்டத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.

"வாங்க தம்பி. யாரப் பாக்கணும்?"

நான் திரும்பி ஜீப்பப் பாத்தேன். ஜீப்புக்குப் பின்சீட்டுல என் பொண்டாட்டி ஜாஹிதா. அவ தோள்ல சாஞ்சு எங்க மக ஸைமா, ஒம்பது வயசு. ஸைமா மடியில என்னோட கிடாரு. காலையில அஞ்சு மணியில இருந்து பிள்ளையோட இடது கை அந்தக் கிடாரு கழுத்த விட்டு வரல. இழுத்துப் பாத்தாச்சு, தேங்காண்ணெய் ஊத்திப் பாத்தாச்சு. ஒட்டிக்கிட்ட கை மாதிரி இல்ல அது. மேல இருந்து யாரோ அமுக்கிப் பிடிச்ச கை.

இந்த அம்மாகிட்ட நான் ஒரு விசயம் சொல்லணும். ஒரு வருசமா முழுங்கி வச்சிருந்த விசயம். அதச் சொன்னாத்தான் என் பிள்ளைக்குக் கை வரும்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். எப்படித் தெரியும்னு கேட்டீங்கன்னா, மொதல்ல இருந்துதான் சொல்லணும்.

என் பேரு சஃபீர். கொடைக்கானல் ஸ்டாண்டுல ஜீப் ஓட்டுறேன். நாப்பது வயசுல எனக்குக் கிடாரு கிறுக்கு பிடிச்சுச்சு. லேக் ரோட்டுல கம்பளி விக்கிற கடையில ஒண்ணு தொங்குச்சு, இருக்கறதுலயே விலை கம்மி. பிளைவுட்டு. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல சுண்டுவிரல விடலாம், அம்புட்டு ஒசரம். நல்ல கிடாருல தொட்டாப் போதும், இதுல கம்பிய ஆள வச்சு அமுக்கணும். குளிர் ஏறுனா சுருதி எறங்கிரும். சொல்லிக்குடுக்க ஆளு கெடையாது. போன்ல வீடியோவ எறக்கி வச்சுப் பாத்து நானே கத்துக்கிட்டதுதான்.

வீட்டுல வாசிக்க முடியாது. ஜாஹிதா வாயில விழ முடியாது. "கிடாரு மட்டம், கம்பி ஒசரம்னு சாக்கு சொல்லாதீங்க. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்"ம்பா. என் விரல் நுனியெல்லாம் காப்புக் காச்சுப்போனதப் பாத்துட்டு, "தெனமும் மம்பட்டி பிடிக்கவா போறீங்க?"னு கேப்பா. ஸைமா மட்டும், "அத்தா, எனக்கும் சொல்லிக்குடுங்க"ன்னு மடியில வந்து உக்காரும். "ஒங்க அத்தாவுக்கே தெரியாது, போ"ன்னு வெரட்டிருவேன்.

அதனால நான் வாசிக்கற இடம் பூம்பாறை ரோடு. அங்க ஸ்கூல்ல வேல பாக்குற ஜோதிமணி டீச்சரையும் இன்னும் ரெண்டு பேரையும் நாலு மணிக்கு ஏத்திட்டு வர்றது என் தெனப்படி சோலி. ரெண்டரைக்கே கெளம்பிருவேன். பாதி வழியில பைன் மரத்துக்கு நடுவுல ஒரு வளைவு, பக்கத்துல வீடு வாசல் கெடையாது. கீழ ரொம்பத் தூரம் பள்ளத்துல ஒரு காட்டேஜ் மட்டும். அங்க வண்டிய ஆஃப் பண்ணிட்டு ஒரு மணி நேரம் போட்டு உருட்டுவேன்.

எல்லாம் ஒரு மாதிரி வந்துச்சு. எஃப் மட்டும் வரல. விரலுகள ஒரு அமைப்புல வச்சு கம்பிகளச் சேத்து மீட்டுனா அது ஒரு கார்டு. தனக்குத்தானே கத்துக்கறவன் எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கற கார்டு எஃப்பு. ஆள்காட்டி விரல படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் ஒண்ணா அமுக்கணும். என் கிடாருல அது ஆகற காரியமா? மீட்டுனா 'டக்கு'னு செத்த சத்தம்தான் வரும்.

போன வருசம் ஐப்பசி மழை. ரெண்டு நாளா விடாம ஊத்தி, திங்கக்கிழமதான் கொஞ்சம் விட்டுச்சு. வளைவுல நிறுத்துறேன், மேகம் எறங்கி ரோட்டையே காணோம். யூகலிப்டஸ் எலையும் ஈர மண்ணுமா வாடை. கிடார எடுத்து மடியில வைக்கிறேன்.

கீழ இருந்து இன்னொரு கிடாரு கேட்டுச்சு.

மேகத்துக்குள்ள இருந்து, ரொம்ப மெல்லிசா. நாலே கார்டு. ஏ மைனர், சி, ஜி, அப்புறம் எஃப். திரும்பத் திரும்ப அதே நாலு. நாலாவது வர்றப்பல்லாம் 'டக்கு'.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடப்பாவி, நம்மள மாதிரியே ஒருத்தன். காட்டேஜ்ல தங்க வந்த பையன் எவனோ உக்காந்து கத்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன். அம்புட்டு நாளா தனியாக் கெடந்து உருட்டுனவனுக்கு ஒரு சோட்டு கெடச்ச மாதிரி சந்தோசம். காதால கேட்டே அந்த நாலையும் பிடிச்சுக்கிட்டேன்.

மறுநாளும் அதே வாசிப்பு. இப்ப மெதுவா வாசிச்சான். ஒரு கார்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நெறைய எடைவெளி. பரவால்லயே, வீடியோல சொல்ற மாதிரி வேகத்தக் கொறச்சுப் பழகறான்னு நெனச்சுக்கிட்டேன்.

புதன்கிழம நான் பதில் வாசிச்சேன். அவன் நாலு, நான் நாலு. என் எஃப்பும் செத்த எஃப்தான். நான் வாசிச்சு முடிச்ச உடனே கீழ அந்தக் கிடாரு வெறி பிடிச்ச மாதிரி அடிச்சுச்சு. கார்டும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆறு கம்பியையும் சேத்து வச்சு படபடன்னு அடி. ஒரு கம்பி அறுந்த சத்தம்கூட கேட்டுச்சு.

பாராட்டுறான்னு நெனச்சேன்.

சத்தியமா அப்படித்தாங்க நெனச்சேன். மணி மூணே முக்கால் ஆயிருச்சு, டீச்சரு காத்துக்கிட்டு நிப்பாங்க. எங்க ஸ்டாண்டுல ஒரு பழக்கம், சாயங்காலம் பிரியறப்ப ரெண்டு ஹாரன் அடிப்போம். நாளைக்குப் பாப்போம்னு அர்த்தம். அவனுக்கும் ரெண்டு ஹாரன் அடிச்சிட்டுக் கெளம்பிட்டேன். நான் வண்டிய எடுக்கற வரைக்கும் கீழ அடி நிக்கல.

வியாழக்கிழம சத்தம் இல்ல. ஊருக்குப் போயிட்டான் போலன்னு விட்டுட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழம எங்க ஸ்டாண்டு தலைவரு பொன்னுவேல் அண்ணன் கூப்பிட்டாரு. "ஏலே சஃபீரு, வெரசா ஜீப்ப எடு. பூம்பாறை ரோட்டுக் காட்டேஜ்ல மண்ணு சரிஞ்சு கெடக்காம். வாட்ச்மேன் வேல பாக்குற பையன் ஞானவேலு ஊருக்கும் போய்ச் சேரலயாம், உள்ளதான் இருக்கணும்."

ஞாயித்துக்கிழம ராத்திரியே சரிஞ்சிருக்கு. முன்பக்கம் முழுக்க மண்ணு. பின்னால ஒரு சாமான் ரூம் மட்டும் அப்படியே நிக்குது, சுவத்துல கை நொழையாத வெண்டிலேட்டர் ஒண்ணு. சீசன் இல்லாததால காட்டேஜப் பூட்டி வச்சிருந்தாங்க. பையன் ஊருக்குப் போறதாச் சொல்லியிருந்திருக்கான், அதனால யாரும் தேடல. நாங்கதான் சுவத்த ஒடச்சோம். உள்ள வெண்டிலேட்டருக்கு நேரா ஒரு பெட்டி மேல உக்காந்த வாக்குல இருந்தான். யாரோ கெஸ்ட்டு விட்டுட்டுப் போன பழைய கிடாரு மடியில. மூணு கம்பி அறுந்து போயிருந்துச்சு. இடது கை விறைச்சிருந்துச்சு. ஆள்காட்டி விரல் நீளப்படுத்து, மத்த மூணும் வளைஞ்சு.

எஃப்.

கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கும், அதான் வாசிச்சிருக்கான்னு பொன்னுவேல் அண்ணன் சொன்னாரு. புதன்கிழம வரைக்கும் உசிரு இருந்திருக்கும்னு டாக்டரு சொன்னாரு. "அந்த ரோட்டுல எத்தன வண்டி போவுது. ஒருத்தன் காதுலயும் விழலயே"ன்னு எல்லாரும் வருத்தப்பட்டாங்க. பஸ்ஸுக்காரனுக்கு எப்படிக் கேக்கும், இன்ஜின் சத்தத்துல? அந்த ரோட்டுல வண்டிய ஆஃப் பண்ணிட்டு காதக் குடுத்து உக்காந்த ஒரே மனுசன் நான்தான். நான் வாயத் தெறக்கல.

ஒரு மாசம் கிடாரத் தொடல. அப்புறம் ஒருநாள் மனசு கேக்காம எடுத்தேன். விரலு தானா அந்த நாலுக்குத்தான் போச்சு. ஏ மைனர், சி, ஜி.

எஃப் மணி மாதிரி கேட்டுச்சு.

நான் அமுக்கவே இல்ல. என் ஆள்காட்டி விரல் மேல இன்னொரு விரல் படுத்திருந்துச்சு. ஜில்லுன்னு. ஈர மண்ணு வாடை அடிச்சுச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. என் தோல் மட்டும் அமுங்கிப்போய் வெளுத்திருந்துச்சு. கையப் பிடுங்கிக்கிட்டு கிடார ஜீப் பின்சீட்டுக்கு அடியில தள்ளிவிட்டேன்.

அதுல இருந்து அந்த வளைவு வந்தாலே கியர் மேல இருக்கற என் கைய அது பிடிக்கும். மலை ரோட்டுல எங்க பொழப்பே இடது கையிலதான், வளைவுக்கு வளைவு கியர் மாத்தணும். பல்லக் கடிச்சுக்கிட்டு தாண்டிருவேன். அந்த ரூட்ட விட்டுட்டா யாராச்சும் ஏன்னு கேப்பாங்களே, அந்தப் பயம் வேற. ஒரு பொய்ய மறைக்க ஆளு எத்தன வேசம்தான் போடுவான்.

இந்த வருசம் அதே ஐப்பசி. மூணு மணிக்கு வளைவுல திரும்புறேன், கை அமுங்குச்சு, கியர் விழல, வண்டி நின்னுருச்சு. தலைக்கு மேல 'பொத பொத'ன்னு ஒரு சத்தம். வலது பக்கத்து மேடு அப்படியே எறங்கி வந்து என் கதவ கண்ணாடி வரைக்கும் மூடிருச்சு. இடது கதவு தடுப்புச் சுவத்துல போய் முட்டிக்கிச்சு. பின்கதவுக்கும் மண்ணு. முன்னால ஒரு பைன் மரம் சாஞ்சு கண்ணாடிய அடைச்சுக்கிச்சு. ஹாரன அமுக்குறேன், சத்தமே இல்ல. போன்ல டவர் என்னைக்கும் கெடையாது அங்க.

கத்துனேன். மேகம் என் சத்தத்த என்கிட்டயே திருப்பிக் குடுத்துச்சு. அரை மணி நேரத்துல தொண்டை கட்டிருச்சு. உள்ள காத்து கொறஞ்சு கண்ணாடியெல்லாம் வேர்த்துப்போச்சு. மண்ணோட பாரத்துல கூரை மடங்குற சத்தம் கேக்குது.

அப்பத்தான் பின்சீட்டுக்கு அடியில கை போச்சு.

என்னத்தையாச்சும் வாசிக்கலாம்னுதான் எடுத்தேன். விரலு அந்த நாலத் தவிர எதுக்கும் போக மாட்டேங்குது. ஏ மைனர், சி, ஜி, எஃப். எத்தன தடவ வாசிச்சேன்னு தெரியாது. இடது கைய அது விடல.

மண்ணுக்கு மேல எங்கயோ ஒரு வண்டி வந்து நின்னுச்சு. இன்ஜின ஆஃப் பண்ணுன சத்தம் நல்லாக் கேட்டுச்சு. யா அல்லா, வந்துட்டாங்கன்னு நான் ஆறு கம்பியையும் சேத்து அடிக்கிறேன், படபடன்னு அடிக்கிறேன், ஒரு கம்பி அறுந்து கன்னத்துல வெட்டிருச்சு.



மேல இருந்து ஒரு கிடாரு.

ஏ மைனர். சி. ஜி. டக்கு.

அது என் வாசிப்பு. போன வருசத்து என் வாசிப்பு. பதில் வாசிக்கிறான்.

"டேய், நான் உள்ள மாட்டிக்கிட்டேன்டா"ன்னு சொல்றேன், காத்துதான் வருது. இன்னும் வேகமா அடிக்கிறேன். மேல வண்டி ஸ்டார்ட் ஆச்சு. என் ஜீப்பு சத்தம் எனக்குத் தெரியாதா? இங்க மண்ணுக்குள்ள என் சீட்டுல உக்காந்துக்கிட்டு, மேல என் ஜீப்பு கெளம்பிப் போறதக் கேட்டேன்.

ரெண்டு ஹாரன்.

அன்னைக்கு அழுத அழுகை நான் எங்க அத்தா மவுத்துக்கும் அழுததில்ல. அவன் புதன்கிழம என்ன பாடு பட்டிருப்பான்னு அந்த நிமிசம்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. "தம்பி ஞானவேலு, நான் கேட்டேன்டா. கேட்டுட்டுப் போயிட்டேன். ஒங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லிர்றேன்"னேன். விரல் மேல இருந்த குளிரு எடுபட்டுச்சு.

இருட்டுறதுக்கு முன்னால ஆளு வந்துட்டாங்க. நான் வரலன்னதும் ஜோதிமணி டீச்சரு பூம்பாறையில இருந்து நாலு பேர மம்பட்டியோட கூட்டிக்கிட்டு நடந்தே வந்திருக்காங்க. "ரோடு ரெண்டு பக்கமும் அடைச்சுக் கெடக்கு சஃபீர் அண்ணே, ஒரு வண்டி வரல போகல. கிடாரு சத்தம் கேட்டுத்தான் எடத்தக் கண்டுபிடிச்சோம்"னாங்க. அப்புறம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க. "இந்தக் காட்டுல சத்தம் கேட்டா, யாரு என்னன்னு பாக்க வேணாமா?"

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

சரி, மறுநாளே ஆடலூருக்குப் போயிருக்கணும்ல? போகல. ஜீப்பு வேல, அப்புறம் சவாரி, அப்புறம் ஜும்மா. நாளைக்கு நாளைக்குன்னு மூணு வாரம் ஓட்டிட்டேன். உண்மையச் சொல்லணும்னா, அந்த அம்மா மொகத்தப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. ஊரு காறித் துப்பும். ஸ்டாண்டுல எவன் என்கூட டீ குடிப்பான்? செத்தவனுக்குக் குடுத்த வாக்குதானேன்னு நெனச்சுட்டேன்.

இன்னைக்கு வெள்ளனே பஜ்ரு தொழுகைக்கு எந்திரிச்சு கை கால் கழுவி ஒளு செஞ்சுக்கிட்டு இருக்கேன். உள்ள இருந்து கிடாரு சத்தம். நாலு கார்டு. நாலாவது மணி மாதிரி.

ஸைமா கட்டில்ல உக்காந்திருக்கு, ஜீப்ப வேலைக்கு விட்டப்ப நான் வீட்டுல கொண்டாந்து போட்ட கிடாரு மடியில. அந்தக் கிடாருக்கு நானே இன்னும் அறுந்த கம்பிய மாத்தல. பிள்ள மொகமெல்லாம் சிரிப்பு.

"அத்தா, எனக்கு எஃப் வந்துருச்சு. நான் அமுக்கவே இல்லத்தா. அதுவா அமுக்குது. கைதான் ஜில்லுன்னு இருக்கு."

"கைய எடு பாப்பா."

"எடுக்க விடலத்தா."

கம்பிய வெட்டிரலாம்னு கட்டிங்பிளேயர எடுத்தேன். "அத்தா, இன்னும் அமுக்குது, இன்னும் அமுக்குது"ன்னு பிள்ள துடிச்சுப்போச்சு. கீழ போட்டுட்டேன். அந்தச் சின்ன விரலு நகம் நீலம் பாஞ்சிருச்சு. ஜாஹிதாகிட்ட எல்லாத்தையும் கொட்டுனேன். அவ என்னையப் பாத்த பார்வைய நான் கப்ருக்குப் போற வரைக்கும் மறக்க மாட்டேன். "ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போலாம். மொதல்ல அந்த அம்மாகிட்ட வண்டிய விடுங்க"ன்னா. பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியா வந்தோம். வழி நெடுக கியர் ஒரு எடத்துலயும் மக்கர் பண்ணல.

இப்ப கந்தம்மாள் அக்கா முன்னால நிக்கிறேன். உக்காரச் சொன்னாங்க, உக்காரல. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். சந்தோசப்பட்டத, சுருதி பிடிச்சத, பாராட்டுறான்னு நெனச்சத, எதையும் விடல. அவங்க கை மட்டும் காப்பிப்பழத்துக்கு நடுவுல அப்படியே நின்னுருச்சு.

நிமிராமலே கேட்டாங்க. "எத்தன நாளு கேட்டீங்க தம்பி?"

"மூணு நாளுக்கா."

அடிப்பாங்கன்னு பாத்தேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "எனக்கு ஒருநாள் போன்ல வாசிச்சுக் காட்டுனான்"னாங்க. "நாலாவது மட்டும் வரமாட்டேங்குதும்மான்னான். அம்புட்டுத்தான் தம்பி நான் கேட்டது."

எந்திரிச்சு ஜீப்புகிட்ட போனாங்க. ஸைமாவோட கை மேல தன் கைய வச்சாங்க. வச்ச உடனே அவங்க மொகம் மாறிருச்சு. பழக்கமான கையத் தொட்ட மொகம் அது.

"விடுய்யா"ன்னாங்க, ரொம்ப மெதுவா. "சின்னப் பிள்ளய்யா. அவருதான் வந்து சொல்லிட்டாருல்ல."

ஸைமா கை பொத்துன்னு மடியில விழுந்துச்சு. ஜாஹிதா பிள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடுனா. நான் அந்த வாசல்லயே உக்காந்துட்டேன்.

அக்கா கிடார எடுத்துட்டு வந்து என் மடியில வச்சாங்க. "அவன் வாசிச்சத நான் கேக்கணும்."

எப்படி மாட்டேன்னு சொல்றது? வாசிச்சேன். ஏ மைனர், சி, ஜி. நாலாவதுக்கு விரல படுக்கப்போட்டப்ப குளிரு வரும்னு கண்ண மூடிக்கிட்டேன். வரல. டக்குன்னுதான் கேட்டுச்சு. என் சொந்த எஃப்பு. அக்கா முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. "இன்னொருக்கா"ன்னாங்க. வாசிச்சேன். "இன்னொருக்கா தம்பி." மத்தியானம் வரைக்கும் வாசிச்சேன், விரல் நுனி வெடிச்சு கம்பியெல்லாம் ரத்தம். முடிஞ்சு போச்சு, போயிட்டான்னு எனக்குள்ள ஒரு நிம்மதி.

அப்பத்தான் ஜீப்பு ஹாரன் அடிச்சுச்சு. ரெண்டு தடவ.

வண்டியில யாரும் இல்ல. ஜாஹிதாவும் பிள்ளையும் வீட்டுக்குள்ள. சாவி என் சட்டைப் பாக்கெட்டுல.

அக்கா திரும்பிப் பாத்தாங்க. நான் இப்பச் சொன்னதுல அந்த ரெண்டு ஹாரனும் இருந்துச்சு. ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லல, சொல்ல வாய் கூசுச்சு.

"அப்படி அடிச்சா என்ன தம்பி அர்த்தம்?"

இனிமே அந்த அம்மாகிட்ட எதையும் மறைக்க எனக்குத் தெம்பு இல்ல.

"நாளைக்குப் பாப்போம்னு அர்த்தம்க்கா."

அவங்க கண்ணத் தொடச்சுக்கிட்டு, கிடார என் மடியில இருந்து வாங்கி, வீட்டுக்குள்ள கொண்டுபோய் ஞானவேல் போட்டோவுக்குக் கீழ சாத்தி வச்சாங்க. திரும்பி வந்து என் பக்கத்துல உக்காந்தாங்க.

"அப்ப நாளைக்கு வாங்க தம்பி. வெள்ளனே வந்துருங்க."